செல்போன் நம்பர் மாறிடுச்சா? ஆதாரிலும் மாத்துங்க!
ஓ.டி.பி. அடுத்தவர் கைக்கு போகும் அபாயம்

சாதி சான்றிதழ், வருமான சான்றிதழ், பான் கார்டு, வருமான வரி கணக்கு என்று அரசு வேலைகள் பலவும் இப்போது ஆன்லைனில்தான் நடக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கும் சாவி, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எனும் ரகசிய எண். அதை அடுத்தவரிடம் சொல்வது, வெற்றுத்தாளில் கையெழுத்து போட்டு கொடுப்பதற்கு சமம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஓ.டி.பி. எங்கே போகும்?

இணையதளத்தில் 12 இலக்க ஆதார் எண்ணை அடித்ததும், ஆதாரில் பதிவான செல்போனுக்கு 6 இலக்க ஓ.டி.பி. வரும். 10 நிமிடம்தான் அது செல்லும். 2015-ல் தொடங்கிய டிஜிலாக்கரில் கணக்கு திறக்கவும் இந்த எண் வேண்டும்.

பழைய சிம் ஆபத்து

ரீசார்ஜ் செய்யாமல் போட்டு வைத்த சிம் ஒருநாள் செத்துப்போகும். அந்த நம்பர் 90 நாளைக்கு பிறகு வேறு ஒருவருக்கு போகலாம். இதை 2023-ல் சுப்ரீம் கோர்ட்டிலேயே டிராய் சொல்லி இருக்கிறது. ஆதாரில் பழைய நம்பரே இருந்தால், உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஆளுக்கு போகும். உங்கள் ஆதார் எண்ணும் அவருக்கு தெரிந்துவிட்டால் வம்புதான். அவசரத்துக்கு சான்றிதழ் எடுக்க முடியாமல் நீங்களும் அலைய வேண்டியதுதான்.

பிரவுசிங் சென்டரில் உஷார்

செல்போன் இல்லாத பெரியவர்களுக்கு கடைக்காரர் தன் நம்பரையே பதிந்து விடுவதும் உண்டு. இதற்கு சம்மதிக்காதீங்க. மகன், மகள் நம்பரை கொடுங்க. வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' செய்து, டவுன்லோடு செய்த ஆதார் பைலை அழித்துவிட்டு கிளம்புங்க.

செய்ய வேண்டியது என்ன?

* ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே இலவசமாக பார்க்கலாம். மாறி இருந்தால் ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றலாம்.

* கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். தெரியாத பதிவு இருந்தால் விடாதீங்க.

* கைரேகை, கண் கருவிழி பதிவை 'லாக்' செய்து வைக்கலாம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

* நகல் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை கொடுங்க.

* இணையதள முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்க.

ஆதார் சந்தேகங்களுக்கு 1947-க்கு போன் செய்யலாம். ஓ.டி.பி. சொல்லி பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ல் புகார் கொடுங்க. அதிகாரி என்று சொல்லி யார் கேட்டாலும் ஓ.டி.பி. மட்டும் சொல்லாதீங்க!