நரம்புஸ்டீராய்டுகளின் வரலாறு

நரம்புஸ்டீராய்டுகள் என்பவை மூளையிலும் நரம்புகளிலும் கொலஸ்டிராலிலிருந்து உருவாகி, நரம்பணுக்களின் செயல்பாட்டை மாற்றும் ஸ்டீராய்டுகள் ஆகும். மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு ஆகியவற்றோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு. உடலின் சுரப்பிகள் மட்டுமே ஸ்டீராய்டுகளை உருவாக்குகின்றன என்ற கருத்தை இவற்றின் கண்டுபிடிப்பு மாற்றியது.

தொடக்கம்

1941இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே, புரோஜெஸ்டிரோனைச் செலுத்தியபோது எலிகள் மயக்கமுற்றதைக் கண்டார். கருப்பத்தைக் காக்கும் ஹார்மோன் மூளையையும் அமைதிப்படுத்தியதற்கான காரணம் அப்போது விளங்கவில்லை.

பெயரும் செயல்முறையும்

1981இல் பிரான்சின் எட்டியென்-எமில் பொலியூவும் அவரது குழுவினரும் எலிகளின் அட்ரினல் சுரப்பிகளையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் அகற்றினர். அதன் பின்னரும் மூளையில் சில ஸ்டீராய்டுகள் நீடித்தன. மூளை தானே அவற்றை உருவாக்குகிறது என்று கருதிய பொலியூ, 'நரம்புஸ்டீராய்டு' என்ற பெயரைச் சூட்டினார்.

1986இல் மரியா மயெவ்ஸ்காவும் உடன் ஆய்வாளர்களும் செலியே கண்ட மயக்கத்திற்கு விளக்கம் தந்தனர். புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனலோன், காபா-ஏ ஏற்பியில் இணைகிறது. இதனால் குளோரைடு அயனிகள் கூடுதலாக உட்புகுந்து நரம்பணுவின் கிளர்ச்சி தணிகிறது.

இந்தியாவில் ஆய்வு

1990களில் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் எஸ். கே. குல்கர்னியும் டி. சம்பா ரெட்டியும், நரம்புஸ்டீராய்டுகள் மன அழுத்தத்தையும் நினைவாற்றலையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதைச் சுண்டெலிகளில் ஆராய்ந்தனர். பின்னர் அமெரிக்கா சென்ற ரெட்டி, மாதவிடாயை ஒட்டி அதிகரிக்கும் வலிப்பை ஆராய்ந்தார். மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்டிரோன் குறையும்போது அலோபிரெக்னனலோனும் குறைவதே இதற்கு ஒரு காரணம். இவ்வகை வலிப்புக்குக் கனக்சலோன் என்ற செயற்கை நரம்புஸ்டீராய்டையும் அவர் விலங்குகளில் சோதித்தார்.

மருத்துவப் பயன்பாடு

எல்லா முயற்சிகளும் பலிக்கவில்லை. தலைக்காயமுற்றோருக்குப் புரோஜெஸ்டிரோன் அளித்த இரு பெரிய ஆய்வுகள் பயன் தரவில்லை என 2014இல் முடிவுகள் வெளியாயின. விலங்குகளில் கிடைத்த நம்பிக்கை மனிதர்களிடம் மெய்ப்படவில்லை.

மகப்பேற்றுக்குப் பின் அலோபிரெக்னனலோனின் அளவு திடீரெனச் சரிகிறது. சில தாய்மாருக்கு ஏற்படும் கடும் மனச்சோர்வுக்கு இதுவும் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. இதனடிப்படையில் உருவான பிரெக்சனலோனுக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதை 60 மணிநேரம் சிரை வழியே ஏற்ற வேண்டியிருந்தது. 14 நாட்கள் விழுங்கும் சுரனலோன் 2023இல் ஒப்புதல் பெற்றது. சிடிகேஎல்5 குறைபாடு என்னும் அரிய மரபுநோயால் வலிப்புறும் குழந்தைகளுக்கு, கனக்சலோன் 2022இல் ஏற்கப்பட்டது.

பிள்ளை பெற்ற தாயின் தீராத துயரம் மனவலிமைக் குறைவால் வருவதன்று, மூளையின் வேதியியலில் அதற்கு வேர் இருக்கக்கூடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.