தகரத் துண்டிலிருந்து குடியுரிமைச் சட்டம் வரை: மண்டபம் முகாமை முன்வைத்து

மலையகத் தமிழர் நாடற்றவரான வரலாற்றை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அந்தச் சட்டத்தின் வேர் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஏழைக் கூலிகளின் பயணத்தை ஒழுங்குபடுத்திய நடைமுறைகளில் ஊன்றிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் பட்டாசு ஊரான சிவகாசி 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மண்டபமும் அதே மாவட்டம்தான். இம்மாவட்டம் உள்ளிட்ட வானம் பார்த்த சீமைகளிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மக்கள் இலங்கை மலைநாடான கண்டிச்சீமைக்குப் போனார்கள். காப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் பலர் காலராவுக்கு இரையானார்கள்.

இலங்கை அரசு தலையிட்டபோது அதன் கண் தோட்டத்தின் மீதே இருந்தது. 1901 அளவில் தகர டிக்கெட் வந்தது. சிறு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அடிக்கப்பட்டிருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு போக வேண்டும். வழிச்செலவு அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் மாற விரும்பியவருக்குத் ‘துண்டு’ வேண்டும். அதில் அவருடைய கடன் எழுதப்பட்டிருக்கும். புதிய துரை அதைத் தீர்த்தால்தான் விடுதலை. முன்பணம் என்ற சொல்லின் கனத்தைப் பட்டாசு வட்டார வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

மண்டபம் முகாம் இதைவிட வியப்பானது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. தோட்டத்துக்குப் போகும் கூலிகளைச் சில நாள் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்துத் தனுஷ்கோடிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். மருத்துவம் நல்லதுதான், ஆனால் யாரை நிறுத்தினார்கள் என்பதே கேள்வி. 1892இல் திறந்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவிலும் முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிட்டு, அடித்தளப் பயணிகளைத்தான் தீவில் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். இங்கிலாந்தின் 1662ஆம் ஆண்டுக் குடியமர்வுச் சட்டமும் ஊருக்குப் பாரமாகக்கூடிய ஏழையைத் திருப்பியனுப்ப வழிசெய்தது. எல்லை முதலில் ஏழையின் உடம்பில்தான் வரையப்பட்டது.

1948இல் நடந்ததை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். தான் இலங்கையில் பிறந்ததைக் காட்டினால் போதாது; தந்தையோ, இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் பலரிடம் அதற்குச் சான்று ஏது? அவர்களைத் தகரத்தில் எண்ணடித்துக் கணக்கு வைத்த நாடு, பிறப்புக்குக் காகிதம் கேட்டது. கூலியாகப் பதிவு செய்யத் தெரிந்தது. குடியாகப் பதிவு செய்ய மனம் வரவில்லை. இதை நிர்வாகக் குறைபாடு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆளை அல்ல, கையை மட்டுமே அழைத்த கொள்கையின் இயல்பான முடிவு இது.

1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இப்படி நாடற்றவரான 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதமுள்ளோர் பற்றிப் பிறகு முடிவு. அம்மக்களின் பிரதிநிதிகள் அந்த மேசையில் இல்லை. இந்தியா திரும்பியவர்களில் பலர் முதலில் வந்து தங்கியதும் மண்டபத்தில்தான். 1983க்குப் பின் அதே இடம் ஈழ அகதிகளின் முகாமாயிற்று.

தாயகம் திரும்பியோர் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டச் சீட்டு எது கிடந்தாலும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். இந்த வரலாற்றை அம்மக்கள் பக்கமிருந்து எழுத அவை வேண்டும்.