அன்றைய விலை: நாணய மாற்றின் வரலாறும் நம் பிள்ளைகளின் படிப்பும்

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்தபின் அண்ணன் தம்பி இருவர் நம்மிடம் வந்து அமர்ந்தனர். அண்ணன் சவூதியில் நெடுங்காலம் பணியாற்றியவர். 2010-ஆம் ஆண்டு தம்பி கடை வைப்பதற்காக அவர் 10,000 ரியால் கடன் கொடுத்திருந்தார். அன்று ஒரு ரியால் ஏறத்தாழ 12 ரூபாய். தம்பியின் கைக்கு வந்தது 1,20,000 ரூபாய். இப்போது கடனைத் தீர்க்க வந்தபோது ரியால் 22 ரூபாயைத் தாண்டி நின்றது. "எனக்கு என் 10,000 ரியால் வேண்டும்" என்றார் அண்ணன். "நான் வாங்கியது 1,20,000. இவர் கேட்பது 2,20,000. கூடுதல் ஒரு இலட்சம் வட்டி ஆகாதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார் தம்பி.

மார்க்கச் சட்டத்தை நாம் உடனே சொல்லிவிட்டோம். கடன் எந்த நாணயத்தில் வாங்கப்பட்டதோ அந்த நாணயத்திலேயே தீர்க்கப்பட வேண்டும். இருவரும் மனமிசைந்து வேறு நாணயத்தில் தீர்ப்பதானால், தீர்க்கும் நாளின் விலையே கணக்கு. ஆயினும் தம்பி அத்துடன் விடவில்லை. "அந்த விலையை யார் வைக்கிறார்கள்? ரூபாய் ஏன் இப்படி விழுந்தது?" என்றார். நம்மிடம் விடை இல்லை. நாணய மாற்று பற்றிய ஃபிக்ஹ் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறோம். அந்த விலை பிறக்கும் இடத்தை மட்டும் நாம் கற்றதில்லை. அன்று உண்மையில் வெட்கமடைந்தோம்.

எழுந்து செல்லும்போது தம்பி இன்னொன்றையும் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவர் மகன், கல்லூரியில் பொருளாதாரம் சேர்ந்து பன்னாட்டு வணிகமும் நாணய மாற்றும் படிக்க விரும்புகிறானாம். "அது வட்டிப் படிப்பு என்று சொல்கிறார்களே, சேர்க்கலாமா?" விடை சொல்ல நாம் சில நாள் அவகாசம் கேட்டோம். அந்நாட்களில் படித்தறிந்தவற்றை இங்கே நம் சமுதாயக் குடும்பங்களின் முன் வைக்கிறோம்.

மதீனாவின் இரு நாணயங்கள்

குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் திருக்குர்ஆனின் 106-ஆவது அத்தியாயம் நினைவூட்டுகிறது. ஒன்று யமனை நோக்கியும் மற்றொன்று ஷாம் தேசத்தை நோக்கியும் சென்றதாக விரிவுரையாளர்கள் எழுதுவர். அக்காலத்து அரபியரிடம் சொந்த நாணயச்சாலை இருக்கவில்லை. ரோமப் பேரரசின் பொற்காசு தீனாராகவும், பாரசீகத்தின் வெள்ளிக்காசு திர்ஹமாகவும் அவர்களிடையே புழங்கின. எனவே மக்கா வணிகர் ஒவ்வொருவரும் இரண்டு நாணயங்களின் உறவை அறிந்தே தொழில் நடத்த வேண்டியிருந்தது.

அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஉ பகுதியில் ஒட்டகங்களை தீனாருக்கு விற்றுவிட்டு, பணம் பெறும்போது திர்ஹமாகப் பெறுவார்கள். சில வேளை திர்ஹமுக்கு விற்று தீனாராகப் பெறுவார்கள். இது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அன்றைய விலையில் பெற்றுக்கொள்வதும், பாக்கி எதுவும் வைக்காமல் பிரிவதும் ஆகிய இரண்டு நிபந்தனைகளுடன் அதற்கு அனுமதி அளித்தார்கள். நாணய விலை நாளுக்கு நாள் மாறக்கூடியது என்பது அந்த அனுமதிக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸகாத்தின் அளவும் இதற்குச் சான்று பகரும். நிஸாப் பொன்னில் 20 தீனார். வெள்ளியில் 200 திர்ஹம். அதாவது ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம். இன்றைய எடையில் இவை ஏறத்தாழ 85 கிராம் பொன்னும் 595 கிராம் வெள்ளியும் ஆகும். கணக்கிடும் முறைக்கேற்பச் சிறிது கூடலாம், குறையலாம். ஆக, அன்று ஒரு கிராம் பொன் ஏழு கிராம் வெள்ளிக்கு ஈடாக இருந்தது. இன்றோ பொன்னின் விலை வெள்ளியைப்போல் பல பத்து மடங்கு. பொன்னைக் கொண்டு கணக்கிட்டால் ஸகாத் கடமையாகாத குடும்பத்துக்கு, வெள்ளியைக் கொண்டு கணக்கிட்டால் கடமையாகிவிடுவதன் காரணம் இதுவே. ரமளானில் நம் வீடுகளில் எழும் இந்த ஐயத்தின் வேர், இரு உலோகங்களுக்கிடையேயான மாற்று விகிதத்தில் இருக்கிறது.

கலீஃபா அப்துல் மலிக் அவர்கள் ஹிஜ்ரி 77-இல் உருவம் ஏதுமின்றி எழுத்துகள் மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டார். ஈராண்டுகளுக்குப் பின் திர்ஹமும் அவ்வாறே சீரமைக்கப்பட்டது. அதன்பின் நாணயம் மாற்றித் தரும் ஸர்ராஃப்கள் நகரங்கள்தோறும் பெருகினர். அச்சொல் தமிழுக்கும் வந்து 'சராப்பு' ஆயிற்று. அசல், பாக்கி, வசூல் என்று நம் கடைத்தெருக்களில் இன்றும் வழங்கும் சொற்கள் அரபு மூலம் உடையவை. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயல் துறைக்கு வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கப்பலுடன் குதிரை மட்டுமா வந்திருக்கும்? கணக்கும் சேர்ந்தே வந்தது.

கெய்ரோ கற்ற பாடம்

1324-ஆம் ஆண்டு மாலி நாட்டு மன்னர் மன்ஸா மூஸா ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவில் தங்கினார். அவரும் அவருடன் வந்தவர்களும் பொன்னை அள்ளி வழங்கினர், செலவும் செய்தனர். அதன் விளைவை வரலாற்றாசிரியர் அல்உமரீ பதிவு செய்துள்ளார். அதுவரை ஒரு மிஸ்கால் பொன் 25 திர்ஹமுக்குக் கீழே இறங்கியதில்லை. அந்த வருகைக்குப்பின் அது 22 திர்ஹமைத் தாண்டவில்லை. அவர் எழுதும்வரை சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. கொடை நல்லது; கொடுத்தவர் உள்ளமும் நல்லது. ஆயினும் சந்தையில் ஒரு பொருள் மிகுந்தால் அதன் விலை இறங்கும் என்ற நியதி பொன்னுக்கும் பொருந்தியது.

எண்பது ஆண்டுகள் கழித்து அதே நகரம் பஞ்சத்தாலும் விலையேற்றத்தாலும் தவித்தது. கெய்ரோவில் முஹ்தஸிபாக, அதாவது சந்தைக் கண்காணிப்பாளராக, பணியாற்றிய அல்மக்ரீஸீ அதன் காரணங்களை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். பதவிகள் இலஞ்சத்துக்கு விற்கப்பட்டமை, நிலக் குத்தகை உயர்ந்தமை, செப்புக்காசுகள் அளவின்றி அச்சடிக்கப்பட்டமை என்று மூன்று காரணங்களை அவர் முன்வைத்தார். நைல் நதியின் வெள்ளம் குறைந்ததை அவர் அறியாதவர் அல்லர். இயற்கையின் சோதனையை மனிதரின் முறைகேடு பெருக்கிவிடுகிறது என்பதே அவர் வாதம். மார்க்க அறிஞர் ஒருவர் நாணயத்தைப் பற்றி எழுதியதை அக்காலத்தில் எவரும் 'வட்டிப் படிப்பு' என்று இகழவில்லை.

ரூபாயின் கதை

நமது ரூபாய் வெள்ளிக்காசாக இருந்த காலம் ஒன்றுண்டு. 1870-களில் ஜெர்மனி முதலிய நாடுகள் பொன்னுக்கு மாறியதும் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. அதனுடன் ரூபாயும் சரிந்தது. ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் மதிப்புடையதாயிருந்த ரூபாய், 1890-களின் தொடக்கத்தில் 15 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. இலண்டனுக்கு ஸ்டெர்லிங்கில் செலுத்த வேண்டிய தொகைக்காக, ஆங்கிலேய அரசு இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து மேலும் மேலும் ரூபாய் எடுத்தது. 1893-இல் பொதுமக்கள் வெள்ளி கொடுத்துக் காசு அடித்துக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது.

இந்தச் சிக்கலே இருவரின் ஆராய்ச்சிக்குப் பொருளாயிற்று. இங்கிலாந்தின் கெய்ன்ஸ் எழுதிய முதல் நூல், 1913-இல் வெளிவந்த இந்திய நாணயம் பற்றியதாகும். அண்ணல் அம்பேத்கர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் அளித்து 1923-இல் வெளியிட்ட ஆய்வும் ரூபாயின் சிக்கலைப் பற்றியதே. அதில் அவர் கெய்ன்ஸின் கருத்தை மறுத்து வாதிட்டார். நாணயத்தைப் பற்றி விசாரிக்க 1925-இல் அமைக்கப்பட்ட அரசக் குழுவின் முன்னும் அவர் சாட்சியம் அளித்தார். ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவர், ஆட்சியாளர் அமர்ந்திருந்த அவையில் ரூபாயின் மதிப்பைப் பற்றிப் பேசினார். அந்த இடத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது அவரது பல்கலைக்கழகக் கல்வி.

வளைகுடாவில் இந்திய ரூபாய்

இன்று நம் பிள்ளைகள் ரியாலையும் திர்ஹமையும் தேடிச் செல்கின்றனர். ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய் ஆகிய இடங்களில் புழங்கியது இந்திய ரூபாயே என்பதை இளையோர் பலர் அறியார். அங்கிருந்து பொன் இந்தியாவுக்குக் கடத்தப்பட்டது. அதற்கு விலையாகச் சென்ற ரூபாய் நோட்டுகள் வங்கிகள் வழியே ரிசர்வ் வங்கிக்குத் திரும்பின. அவற்றுக்கு ஈடாக ஸ்டெர்லிங் கொடுக்க வேண்டி வந்ததால் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. ஆகவே 1959-இல் வளைகுடாவுக்கென்று தனி நோட்டுகள் வெளியிடப்பட்டன. அவை இந்தியாவுக்குள் செல்லுபடியாகா.

அதே காலத்தில் ஹஜ் பயணிகளுக்கென்றும் பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகள் தனியே அச்சிடப்பட்டன. அவற்றின் எண்ணுக்கு முன் 'ஹெச்.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். ஹஜ்ஜுக்குச் சென்ற நம் முன்னோர் இடுப்பில் முடிந்துகொண்டு போன பணத்திலும் அந்நியச் செலாவணியின் கணக்கு இருந்திருக்கிறது!

குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்த தீனாருக்கு மாறின. 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாய் ஆயிற்று. ரூபாய் இழந்தது 36.5 விழுக்காடு, டாலரின் விலை ஏறியது 57.5 விழுக்காடு. இரண்டு எண்களும் ஒரே நிகழ்வைக் குறிப்பவை. எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதே வேறுபாடு. அந்த ஆண்டிலேயே கத்தரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன. ஓமான் 1970 வரை வைத்திருந்தது.

1990 ஆகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் ஊர் திரும்பினர். எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது. மறு ஆண்டு நாட்டின் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் பொன் 47 டன் அளவுக்கு அயல்நாட்டில் அடகு வைக்கப்பட்டது; ரூபாயின் மதிப்பு இரு தவணைகளில் குறைக்கப்பட்டது. 1993 முதல் ரூபாயின் விலையைச் சந்தையே தீர்மானித்து வருகிறது. ரிசர்வ் வங்கி தேவையான வேளைகளில் தலையிடுகிறது.

தம்பியின் கேள்விக்கு விடை

சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. எனவே டாலர் 45 ரூபாயாக இருந்தால் ரியால் 12 ரூபாய். டாலர் 90 ரூபாயானால் ரியால் 24 ரூபாய். ரியால் எழவில்லை, ரூபாய் இறங்கியது. நாம் உலகுக்கு விற்பதைவிட அதிகமாக வாங்குவதும், நம் நாட்டில் விலைவாசி அமெரிக்காவைவிட வேகமாக ஏறுவதும், முதலீடுகள் வருவதும் போவதும் அதன் காரணங்களுள் சில.

இப்போது அந்தச் சகோதரர்களின் வழக்கைப் பார்ப்போம். அண்ணன் கொடுத்தது 10,000 ரியால். பெறுவதும் 10,000 ரியால். ஒரு ரியால்கூடக் கூடவில்லை. ஆகவே அது வட்டி அன்று. அவர் இந்திய ரூபாயில் கடன் கொடுத்திருந்தால் 1,20,000 மட்டுமே கேட்க முடியும். அப்போது இழப்பு அவருடையது. கடன் கொடுக்கும் நாளிலேயே எந்த நாணயம் என்று எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இதிலிருந்து உணரலாம். கடனை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுவதும் இதற்காகவே.

இதை விளக்கியபோது தம்பியின் முகம் தெளிந்தது. அன்றைய விலையில் கணக்குப் பார்த்தனர். அதன்பின் அண்ணன் தாமாகவே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். உரிமை எது என்று தெளிந்த பிறகு விட்டுக்கொடுப்பது நன்மை. தெளியாமல் விட்டுக்கொடுத்தால் மனத்தில் வடு எஞ்சிவிடும்.

பிள்ளையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம் என்றே சொன்னோம். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சியாக நிற்பவர் அனைவரும் கண்டிக்கப்பட்டுள்ளனர் என்பதில் ஐயமில்லை. அந்தக் கண்டனம் செயலுக்குரியது. வட்டி எவ்வாறு இயங்குகிறது, ஏழை நாடுகளை எவ்வாறு பிணிக்கிறது என்று அறிவது அச்செயலில் சேராது. படித்தபின் எந்த வேலையில் அமர்வது என்பது தனிக் கேள்வி. அதில் பிள்ளை எச்சரிக்கையாக இருக்க வேண்டும், பெற்றோர் வழிகாட்ட வேண்டும்.

இமாம் முஹம்மத் இப்னு ஹஸன் (ரஹ்) அவர்கள் சாயத் தொழிலாளரிடம் சென்று அவர்களின் கொடுக்கல் வாங்கலைக் கேட்டறிந்ததாக ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. சந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர் சந்தையை அறிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். நம் காலத்தில் அலீகர் பல்கலைக்கழகப் பேராசிரியர் நஜாத்துல்லாஹ் ஸித்தீகீ இரு அறிவையும் ஒருங்கே கற்று 1982-இல் மன்னர் ஃபைஸல் விருது பெற்றார். நம் ஊர்களிலிருந்தும் அத்தகையோர் எழ வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது முதலாம் ஆண்டில் படிக்கிறான். விடுமுறையில் வரும்போது நாம் அவனுக்கு நாணய மாற்றின் ஃபிக்ஹைச் சொல்லிக் கொடுக்கிறோம். அவன் நமக்கு அந்நியச் செலாவணிக் கணக்கை விளக்குகிறான். அடுத்த முறை அண்ணன் தம்பி எவரேனும் பள்ளிவாசலில் வந்து அமர்ந்தால், இன்ஷா அல்லாஹ், நாம் அவகாசம் கேட்க வேண்டியிராது.

அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் பயனுள்ள கல்வியையும் தூய்மையான வாழ்வாதாரத்தையும் வழங்குவானாக. ஆமீன்.