சூட்கேஸில் போன கண் மாத்திரை

எங்கள் சித்தூர் வீட்டுக்கு ஒவ்வொரு லீவுக்கும் நான் கொண்டுபோகும் சாமான்கள் இரண்டு. ஒன்று பாதாம் பருப்பு, இன்னொன்று 'கண்ணுக்கு நல்லது' என்று எழுதிய மாத்திரை டப்பா. அப்பாவுக்கு இருபது வருஷ சர்க்கரை. கண் டாக்டரிடம் போனீங்களா என்று போனில் கேட்டால், "அதான் நீ வாங்கிட்டு வந்த மாத்திரை போடறேனேடா" என்பார். எனக்கும் அது போதுமென்று தோன்றியது. தப்பு என்னுடையதுதான்.

அந்த டப்பாவின் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தேன். 2001-ல் அமெரிக்க தேசிய கண் நிறுவனம் 'ஏரெட்ஸ்' ஆய்வின் முடிவை வெளியிட்டது. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த மாத்திரை, வயதானவர்களுக்கு வரும் மேக்குலா சிதைவு முற்றுகிற அபாயத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. ஏற்கெனவே ஓரளவு பாதிப்பு இருந்தவர்களுக்குத்தான் இந்தப் பலன். புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டினால் நுரையீரல் புற்றுநோய் கூடுகிறது என்று 1994-லேயே பின்லாந்து ஆய்வு சொல்லியிருந்தது. அதனால் 2013-ல் வந்த இரண்டாம் ஆய்வுக்குப் பின் அந்த இடத்துக்கு லூட்டீன் வந்தது.

கவனியுங்கள், இது சர்க்கரைக் கண் நோய் இல்லை. அது வேறு வியாதி!

சர்க்கரை கூடினால் விழித்திரையின் சின்ன ரத்தக் குழாய்கள் கெடும். அதில் ஆக்சிஜனேற்றத்துக்கும் பங்கு உண்டு, எலிகளிடம் ஆன்டிஆக்சிடன்ட் பலன் காட்டியதும் உண்மை. ஆனால் 2008-ல் காக்ரேன் குழு வைட்டமின் சி பற்றித் தேடியபோது, இந்த நோய்க்கு முறையான மனிதச் சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நிரூபணமானவை வேறு. லேசர் சிகிச்சை கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976-ல் தெரிந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்த முதல் வகை நோயாளிகளுக்கு, விழித்திரை நோய் வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்ததை 1993-ல் டிசிசிடி ஆய்வு காட்டியது. பிறகு கண்ணுக்குள் போடும் ஊசிகள் வந்தன.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் என்றால் வேலூர்தான். 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவுக்கே சித்தூர்தானே தலைநகர்! ஐடா ஸ்கடர் 1902-ல் திறந்த ஷெல் ஆஸ்பத்திரி பிறகு சிஎம்சியின் கண் ஆஸ்பத்திரியானது. ஒரு மணி நேர பஸ் பயணம். இப்போது திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது.

அப்பாவும் கடைசியில் வேலூருக்குத்தான் போனார். அதற்குள் இடது கண்ணில் பாதி போயிருந்தது. வலது கண்ணை லேசர் காப்பாற்றியது. அதால்தான் பேப்பர் படிக்கிறார்.

ஊருக்கு மாத்திரை வாங்குகிறவர்களே, வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, "சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், பார்வை நன்றாகத் தெரிந்தாலும்.