தனியே கிடக்கும் பிளாக்குகள்

2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசிப் பாடம் ‘காட்சித் தொடர்பு’. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசுப் பள்ளிப் பெண்கள் ஸ்கிராச்சு என்ற நிரல்மொழியின் பெயரைப் படிப்பது அதில்தான்.

அதன் எடிட்டர் கொஞ்சம் விசித்திரமானது. வழக்கமான நிரல்மொழியில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் கணினி திட்டும். ஸ்கிராச்சு திட்டாது. வண்ண பிளாக்குகளை இழுத்து ஒன்றோடொன்று கோக்கிறோம். பொருந்தாதது ஒட்டாது, அவ்வளவுதான். எதிலும் சேராத பிளாக்கை ஓர் ஓரமாகப் போட்டும் வைக்கலாம். பச்சைக் கொடியை அழுத்தினால் அது சும்மா கிடக்கும். அதை மட்டும் சொடுக்கினால் ஓடிக் காட்டும். தையல்காரப் பெண் வெட்டிய துணிகளைத் தரையில் பரப்பி, எதை எதோடு சேர்க்கலாம் என்று பார்ப்பதுபோல.

முறையாக நிரல் எழுதப் பழகியவர்களுக்கு இது ஒழுங்கீனம். ஆனால் 2007-இல் ஸ்கிராச்சை வெளியிட்ட எம்.ஐ.டி. மீடியா லேப் குழு இதைத் தெரிந்தே செய்தது. இந்த ஒழுங்கீனத்துக்குப் பெண்ணிய வரலாறு ஒன்றும் உண்டு. 1990-இல் ‘சைன்ஸ்’ என்ற பெண்ணிய ஆய்விதழில் ஷெர்ரி டர்க்கிளும் சீமோர் பாப்பெர்ட்டும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹார்வர்டில் நிரல் கற்ற இரு மாணவிகள் அதில் வருகிறார்கள். ஒருத்தி கவிதை எழுதுபவள், இன்னொருத்தி பியானோ வாசிப்பவள். துண்டு துண்டாகத் தொட்டுப் பார்த்து நிரலை வளர்ப்பது அவர்கள் வழி. முதலில் திட்டம், பிறகு எழுத்து என்பது வகுப்பின் விதி. இருவரும் பணிந்துபோனார்கள். திறமைக் குறைவு என்று எண்ணப்பட்டது உண்மையில் வேறொரு சிந்தனை முறை என்றது கட்டுரை.

இன்னும் பின்னால் போகலாம். ஸ்கிராச்சின் முதல் வடிவம் ஸ்குவீக்கில் எழுதப்பட்டது. ஸ்குவீக் ஸ்மால்டாக்கின் வாரிசு. 1970-களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஸ்மால்டாக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அடேல் கோல்ட்பெர்க். ‘ஜோ’ என்று ஒரு பெட்டி. திரும்பு என்றால் திரும்பும், வளர் என்றால் வளரும். இன்றைய ஸ்பிரைட்டுக்கு மூத்த உறவு! அவரிடம் படித்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஓவிய நிரலையும், இன்னொருத்தி விளக்கப்படம் வரையும் நிரலையும் உருவாக்கினார்கள். 1979-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்தபோது ஸ்மால்டாக்கைக் காட்டக்கூடாது என்று வாதாடி, மேலிடம் உத்தரவிட்ட பிறகே காட்டியவரும் கோல்ட்பெர்க்தான். பலருக்கு அவரை அந்தக் கதை வழியாக மட்டுமே தெரியும். அந்தச் சிறுமிகளின் கதை ஜாப்ஸ் கதையைவிடப் பெரியது என்பேன்.

நம் பாடநூலுக்கு வருவோம். மேடை என்றால் என்ன, ஸ்பிரைட் என்றால் என்ன, எடிட்டரின் பகுதிகள் எவை? இப்படித்தான் கேள்விகள். தொட்டுப் பார்க்கவென்று செய்த கருவி குறுவினாவாகிவிட்டது. கணினி ஆய்வகம் திறந்திருக்கும் பள்ளியில்கூட, ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார்ந்தால், மவுஸ் யார் கையில் இருக்கிறது?