ஒரு டாலரில் கூடிய ஒன்பது பெண்கள்: டென்னிஸ் ஆடிப் பிழைத்தவர்களின் வரலாறு



நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதணும்னு சொன்னதும் பலரும் ராணிகளையும் தியாகிகளையும் எடுத்துக்கிட்டாங்க. நான் டென்னிஸ் ஆடிச் சம்பாதித்த பெண்களை எடுத்துக்கொண்டேன். கிளப்பு வச்சிருக்கிற பணக்காரங்க ஆட்டம்தானே, அதில் நமக்கு என்ன இருக்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் படிக்கிற வரைக்கும் அப்படித்தான் இருந்தது. படித்த பிறகு, இது பெண்களின் கூலி பற்றிய கதை, பெண்கள் ஒன்றாகக் கூடியதால் கூலி உயர்ந்த கதை என்று தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊருக்குக் கொஞ்சம் சம்பந்தப்பட்ட பெண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மே மாசம் கடைசியில் அந்த வீடுகளில் பாரிஸ் டென்னிஸ் போட்டி டி.வி.யில் ஓடும். அந்தப் போட்டியில் ஜெயிக்கும் பெண்ணுக்குக் கொடுக்கிற கோப்பைக்கு சுசான் லாங்லென் கோப்பை என்று பேர். யார் இந்த சுசான்? 1899-ல் பாரிசில் பிறந்தவர். நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் பிரான்ஸ் நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பெண்.

அந்தக் காலத்தில் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடையும் கணுக்கால் வரை பாவாடையும் போட்டுக்கொண்டுதான் ஆடணும். 1919-ல் லண்டன் விம்பிள்டனுக்கு சுசான் அந்த இறுக்கு உள்ளாடை இல்லாமல், கை குட்டையாக, பாவாடையும் குட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தார். ஊர் பேசியது. அவர் ஜெயித்துக் காட்டினார். மொத்தம் ஆறு தடவை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வாங்கினார்.

ஆனால் ஒரு விஷயம் கேளுங்க. அவர் ஆட்டத்தைப் பார்க்க ஜனம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியது. அந்தக் காசு போட்டி நடத்துகிறவர்களுக்குப் போனது. ஆடினவருக்குப் பரிசுப் பணம் கிடையாது, கௌரவம் மட்டும்தான். காசு வாங்கி ஆடினால் பெரிய போட்டிகளில் சேர்க்க மாட்டார்கள். 1926-ல் சுசான் துணிந்து, சம்பளம் பேசிக்கொண்டு அமெரிக்கா போய் ஊர் ஊராக ஆடினார். அதோடு பெரிய போட்டிகளின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. 1938-ல், நாற்பது வயது ஆகும் முன்பே இறந்துவிட்டார். இன்று கோப்பைக்கு அவர் பேர். மைதானத்துக்கும் அவர் பேர். உயிரோடு இருந்தபோது செய்த வேலைக்குக் கூலி கேட்டதுதான் குற்றமாயிருந்தது.

1968-ல்தான் காசு வாங்கி ஆடுகிறவர்களும் பெரிய போட்டிகளில் ஆடலாம் என்று சட்டம் மாறியது. நல்ல காலம் பிறந்தது என்று நினைக்கிறீர்களா? அந்த வருஷம் விம்பிள்டனில் ஜெயித்த ஆணுக்கு 2,000 பவுண்டு. ஜெயித்த பெண்ணுக்கு, அமெரிக்காவின் பில்லி ஜீன் கிங்குக்கு, 750 பவுண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன நமக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை. ஒரே வெயில், ஒரே வரப்பு, ஆளுக்கொரு கூலி.

1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு போட்டி. முதல் பரிசு ஆணுக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 டாலர். எட்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். பெண்கள் நியாயம் கேட்டார்கள். நடத்துகிறவர் மசியவில்லை. அப்போது ஒன்பது பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பில்லி ஜீன் கிங், ரோஸி கசால்ஸ் உட்பட ஏழு பேர் அமெரிக்காக்காரர்கள், இரண்டு பேர் ஆஸ்திரேலியாக்காரர்கள். டென்னிஸ் பத்திரிகை ஒன்றை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மன் என்ற அம்மா பக்கபலமாக நின்றார். 1970 செப்டம்பர் 23-ம் தேதி, ஹூஸ்டன் நகரத்தில், பெண்களுக்கு மட்டுமான தனிப் போட்டியில் ஆட, ஆளுக்கு ஒரே ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைய மதிப்பில் அது நம்ம பணத்துக்கு ஏழரை ரூபாய் வரும். ஒரு டாலர் நோட்டைக் கையில் தூக்கிப் பிடித்து எடுத்த போட்டோ இன்றைக்கும் பேர் போனது. "போனால் உங்களை நீக்கிவிடுவோம்" என்று சங்கம் மிரட்டியது. அவர்கள் போனார்கள். போட்டிக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. அதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேண்டும். வேறு யாரும் காசோடு முன்னுக்கு வராத நேரம் அது.

முதல் மாதச் சந்தாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் காசில் என்ன ஆகப்போகுது"ன்னு வீட்டில் கேட்ட கேள்வியைத் தாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் நாம். அந்த ஒரு டாலரின் மதிப்பு நமக்குப் புரியும்.

மூன்று வருஷம் கழித்து, 1973 ஜூன் மாதம், லண்டனில் ஒரு ஓட்டலில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரப் பெண்கள் கூடினார்கள். முடிவு எடுக்காமல் யாரும் வெளியே போகக்கூடாதென்று பில்லி ஜீன் கிங் கதவைச் சாத்தச் சொன்னாராம். கதவு திறந்தபோது மகளிர் டென்னிஸ் சங்கம் பிறந்திருந்தது. இன்று உலகம் முழுக்கப் பெண்களின் தொழில்முறை டென்னிஸை நடத்துவது அந்தச் சங்கம்தான். சின்னக் குழுவாக இருந்தவர்கள் கூட்டமைப்பு ஆனார்கள் என்று நம்ம பாஷையில் சொல்லலாம். பலன் அதே வருஷம் கிடைத்தது. முந்தின வருஷம் அமெரிக்க ஓபன் போட்டியில் ஆணுக்கு 25,000 டாலர், பெண்ணுக்கு 10,000 டாலர். 1973-ல் இரண்டு பேருக்கும் சமமாக 25,000. ஆனால் விம்பிள்டன் சமமாகக் கொடுக்கச் சம்மதித்தது 2007-ல்தான். நடுவில் 34 வருஷம். ஒரு தடவை கேட்டதும் எல்லாக் கதவும் திறந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

இப்போ நம்ம தமிழ்ப் பெண்ணுக்கு வருகிறேன். பேர் நிருபமா வைத்தியநாதன். 1976-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா கிரிக்கெட் ஆடினவர், அண்ணனும் டென்னிஸ் ஆடினவர். வீட்டிலேயே ஆட்டம் இருந்ததால் சின்ன வயசிலேயே மட்டை பிடித்தார். தேசிய அளவில் பட்டம் வாங்கி, உலகப் போட்டிகளுக்குக் கிளம்பினார்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லணும். டென்னிஸ்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், தங்குகிற ரூம், சாப்பாடு, பயிற்சியாளர் செலவு எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. ஜெயித்தால் அந்தச் சுற்றுக்கு உண்டான பணமும் புள்ளிகளும் கிடைக்கும். முதல் சுற்றிலேயே தோற்றால் வந்த செலவுக்கே கட்டாது. வாங்கின புள்ளியும் 52 வாரம்தான் நிற்கும். அடுத்த வருஷம் அதே வாரம் வந்தால் பழைய புள்ளி கழிந்துவிடும், புதுசாகச் சம்பாதிக்கணும். புள்ளி இருந்தால்தான் தரவரிசை, தரவரிசை இருந்தால்தான் பெரிய போட்டியில் இடம். இடுப்பு வலியென்று நாலு மாசம் படுத்தால் கீழே இறங்கிவிடும். கிட்டத்தட்ட அன்றாடக் கூலி மாதிரிதான், விமானத்தில் ஏறிப் போகிற அன்றாடக் கூலி.

அந்த நாளில் ஒரு இந்தியப் பெண் டென்னிஸுக்குக் காசு போட யாரும் வரிசையில் நிற்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில், 1998 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் பிரதான சுற்றில் நிருபமா இத்தாலியின் குளோரியா பிட்சிக்கினியை ஜெயித்தார். அப்போது அவருக்கு 21 வயசு. உலகத்தின் நான்கு பெரிய போட்டிகளை கிராண்ட் ஸ்லாம் என்பார்கள். 1968-க்குப் பிறகான காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அதற்கு முன்னால் 1934-ல் லீலா ராவ் என்ற பெண் விம்பிள்டனில் ஒரு சுற்று ஜெயித்திருக்கிறார். அது காசு வாங்கக் கூடாத காலம். அதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள்: நடுவில் 64 வருஷம்.

அதே 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் நிருபமா வெண்கலம் வாங்கினார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவோடு இரட்டையர் ஆடினார். ஒற்றையரில் அவர் எட்டிய உயர்ந்த தரவரிசை 134. கேட்க 134 என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். உலகத்தில் மட்டை பிடிக்கிற கோடிக்கணக்கான பெண்களில் 134-வது என்று படித்துப் பாருங்கள். பின்னால் அமெரிக்காவில் குடியேறி, கலிபோர்னியாவில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தார். கல்யாணம் ஆகி, தாயான பிறகும் 2010-ல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்கு நிருபமா சஞ்சீவ் என்ற பேரில் மறுபடி மட்டை எடுத்துக்கொண்டு வந்தார். தன் வாழ்க்கையை "தி மூன்பாலர்" என்ற ஆங்கிலப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார்.

அவர் திறந்த வழியில் ஐதராபாத்திலிருந்து சானியா மிர்சா வந்தார். 2005-ல் தன் சொந்த ஊர்ப் போட்டியிலேயே மகளிர் சங்கத்தின் பட்டத்தை வாங்கினார். அப்படி ஒற்றையர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண். 2007-ல் 27-வது இடம். கையில் வலி வந்து ஒற்றையரை விட்டாலும் ஆட்டத்தை விடவில்லை, இரட்டையருக்கு மாறினார். 2015 ஏப்ரலில் இரட்டையரில் உலக முதலிடம். மொத்தம் ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். 2018-ல் பிள்ளை பெற்றார். 2020 ஜனவரியில் திரும்பி வந்து, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத்தில் முதல் போட்டியிலேயே இரட்டையர் பட்டம் வாங்கினார். 2023-ல்தான் ஓய்வு பெற்றார்.

பிள்ளை பெற்றவளுக்கு வேலை போய்விடும் என்பது டென்னிஸிலும் இருந்தது. இப்போது, பிள்ளை பெற்றுத் திரும்பும் பெண் பழைய தரவரிசையை வைத்துக் குறிப்பிட்ட போட்டிகளில் சேரலாம் என்று விதி இருக்கிறது. 2025 மார்ச்சில், தகுதியுள்ள ஆட்டக்காரிகளுக்குப் பன்னிரண்டு மாதம் வரை சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்று மகளிர் சங்கம் அறிவித்தது. ஒரு டாலர் நோட்டிலிருந்து அது வரைக்கும் 55 வருஷம்.

நம்ம பக்கமும் காலம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் மகளிருக்கான உலகப் போட்டி நடந்தது. செக் நாட்டுப் பெண், 17 வயசு லிண்டா ஃப்ருவிர்தோவா ஜெயித்தார். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த மகளிர் போட்டியில் கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன், 15 வயசில், அரையிறுதி வரை போனார்.

இதை எல்லாம் நான் ஏன் நம்ம மலரில் எழுதணும்? காரணம் இருக்கிறது. போன வருஷம் எங்கள் குழுவில் ஒரு உறுப்பினர் ஆறாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். ஒன்பதாவது படிக்கிற மகள் வாலிபால் ஆடுகிறாள், வெளியூர்ப் போட்டிக்கு ஷூவும் போக்குவரத்துச் செலவும் வேணும் என்றார். கூட்டத்தில் பேச்சு வளர்ந்தது. "மாடு வாங்க, கடை வைக்க, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூட ஃபீசுக்குன்னா கடன் கொடுக்கலாம். விளையாட்டுக்கா? வயசுக்கு வந்த பொண்ணை இன்னும் எத்தனை நாளைக்கு அரைக்கால் சட்டையோட அனுப்புவே?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அந்தத் தாய் ஒண்ணும் பதில் பேசவில்லை. "என் தம்பி மகன் கிரிக்கெட் மட்டைக்கு இதே குழுவில் நீங்கதானே கடன் எடுத்தீங்க, அப்போ யாரும் கேக்கலையே" என்று இன்னொருத்தர் சொன்ன பிறகுதான் சத்தம் அடங்கியது. கடைசியில் கடன் கொடுத்தோம். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் விளையாட்டு என்ற தலைப்பே இல்லாததால் "படிப்புச் செலவு" என்று எழுதினோம். பத்துத் தவணையில், ஒரு தவணை தவறாமல், அந்தத் தாய் கட்டி முடித்துவிட்டார்.

பையன் ஆடினால் திறமை, பெண் ஆடினால் அடங்காத்தனம் என்ற கணக்கு நம்ம வீட்டு நோட்டில்தான் முதலில் எழுதப்படுகிறது. எல்லாப் பிள்ளையும் நிருபமா ஆகிவிடாது, எனக்கும் தெரியும். ஆடின பெண்ணுக்குப் போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் தனியாக பஸ் ஏறி வெளியூர் போய், தோற்று, அழுது, மறுபடி அடுத்த நாள் மைதானத்துக்குப் போன பெண், நாளைக்குப் புருஷன் வீட்டிலும் வேலை பார்க்கிற இடத்திலும் தலை நிமிர்ந்து பேசுவாள். அந்த லாபத்தை எந்தப் பாஸ் புக்கிலும் வரவு வைக்க முடியாது.

ஆகவே கூட்டமைப்பு நிர்வாகிகளிடமும் உறுப்பினர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம்ம குழுக்களின் உள்கடன் பதிவேட்டில் "பெண் பிள்ளைகளின் விளையாட்டு" என்று தனித் தலைப்பு ஒன்று சேர்க்கணும். வட்டியும் தவணையும் மற்ற கடன் மாதிரியே இருக்கட்டும், சலுகை வேண்டாம். அந்தச் செலவுக்கு அதன் சொந்தப் பேரைக் கொடுத்தாலே போதும். அடுத்த மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டு வருகிறோம். படித்துவிட்டு வாருங்கள், பேசி முடிவு எடுப்போம்.