சந்தோசம்

உவகை, களிப்பு, மகிழ்ச்சி எல்லாம் மேடைக்கும் பள்ளிப் புத்தகத்துக்கும் உரியவை. இலங்கையில் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் பேரப்பிள்ளை பிறந்தாலும், மகள் சாதாரண தரப் பரீட்சையில் தேறினாலும் வாயில் வருவது 'சந்தோசம்'தான். பெருமகிழ்ச்சிக்கு வேறு சொல் தேடுவதில்லை; 'ரொம்ப' என்று ஒன்றை முன்னால் வைத்தால் போதும்.

சொல் வடமொழி. 'துஷ்' என்ற வேருக்கு நிறைவடைதல் என்று பொருள். 'சம்' முன்னே சேர்ந்து சந்தோஷம் ஆயிற்று. பதஞ்சலி யோக சூத்திரம் சொல்லும் ஐந்து நியமங்களில் இதுவும் ஒன்று. அங்கே இதில் துள்ளலே கிடையாது. உள்ளது போதும் என்ற மனநிலை மட்டுமே. தமிழில் இதற்குத் துள்ளலும் உண்டு, பேச்சில் ஷகரம் சகரமானது. நம் 'மகிழ்ச்சி' மட்டும் சாதுவானதா என்ன? பழந்தமிழில் 'மகிழ்' என்றால் கள்ளும்தான்.

இன்னொரு பொருளும் உண்டு. மனமுவந்து கையில் வைக்கும் காசும் சந்தோசமே. திருவிழாவில் தப்படித்தவருக்குக் கூலிக்கு மேல் கொடுப்பது சந்தோசம். இந்தப் பொருளிலேயே சொல் சிங்களப் பேச்சுக்கும் போயிற்று. சில இடங்களில் லஞ்சத்துக்கு நாகரிகமான பெயராகவும் நிற்கிறது.

தீபாவளிக்குத் தோட்டத்தில் கிடைக்கும் பணத்தை மட்டும் சந்தோசக் காசு என்று எழுதிவிடாதீர்கள். அது முற்பணம். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள்.